அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் அழைத்த கல்யாணம்

அக்டோபர் 3, செவ்வாய்

மருமக்களே, கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன்: இந்த டைரியில் நான் எழுதப் போவதை ஒருவரும் நம்பப் போவதில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள். உங்கள் அம்மா, அதாவது என் தங்கை சண்முகவடிவு, நான் பிறந்த தேதியைச் சொன்னாலே பள்ளிக்கூடச் சான்றிதழைக் கேட்பவள். அவள் நம்பவே மாட்டாள். ஆனாலும் எழுதுகிறேன். ஒரு மாபெரும் போர் தொடங்கியிருக்கிறது. அதைப் பதிவு செய்ய ஒரு சரித்திர ஆசிரியன் வேண்டும். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஐம்பத்தாறு வயதுப் பிரம்மச்சாரி கோமதிநாயகத்தை விட்டால் அதற்கு வேறு நாதியில்லை.

டைரி, லென்ஸ் கம்பெனிக்காரர் சும்மா கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கண்ணுக்கு ஒரு அறிவுரை அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கு: 'கண்ணைக் கசக்காதீர்கள்.'

போர் இதுதான். எங்கள் பொதிகை நாடக மன்றத்தின் போன மாத நாடகத்துக்கு வந்தவர்கள் பதினேழு பேர். அதில் ஒருவர் காவலாளி, ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கியவர், ஒருவர் கடைசிவரை கண் விழிக்கவில்லை. அரங்கக் கமிட்டியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. நவம்பர் 26 நாடகத்துக்கு இருநூறு பேராவது வராவிட்டால், செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நாங்கள் ஒத்திகை பார்க்கும் மேடை, உடம்பு இளைக்கும் நடன வகுப்புக்குப் போய்விடும். மேடை போனால் மன்றமும் போச்சு. வேறு இடம் கிடையாது.

டைரக்டர் ஐயம்பெருமாள் எல்லோரையும் கூட்டினார். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டாவி விட்டாலும் கீழே கையெழுத்துப் போடுவது போலத்தான் விடுவார். "ஊரே போனுக்குள்ள கெடக்கு வே. நாம வெளிய நின்னு கூப்பிட்டா எவன் வருவான்? உள்ள போயித்தான் கூப்பிடணும்," என்றார். உள்ளே போகிறவர் யார் என்று தேடினார்கள். இருப்பதிலேயே பெரிய போன் என்னுடையது. அந்த நிமிஷமே நான் சமூக ஊடகத் தளபதி ஆனேன்.

மன்றம் கலைந்தால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. வாரத்தில் இரண்டு நாள் கடையை ஆறு மணிக்கே அடைக்க வேண்டியதில்லை. இதை நான் அங்கே மூன்று தடவை சொன்னேன்.

அக்டோபர் 6, வெள்ளி

நாடகத்தின் பெயர் 'நாளை மறுநாள் முகூர்த்தம்'. எழுதியது ஐயம்பெருமாள். ஒரு கல்யாணம் முப்பது வருஷமாகத் தள்ளிப்போகிறது. கடைசிக் காட்சியில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் மணப்பெண் "நிறுத்துங்க" என்கிறாள். மறுபடியும் தள்ளிப்போகிறது. திரை. அந்த ஒரு சொல்லில் மனித வாழ்க்கை முழுக்க அடங்கியிருக்கிறதாம்.

மாப்பிள்ளை நான். மணப்பெண் பகவதி டீச்சர். பெண்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிறார். வயது ஐம்பத்திரண்டு, கல்யாணம் ஆகாதவர். மன்றத்துக்கு வந்த ஒன்பது வருஷத்தில் ஒரு வசனம் மறந்ததில்லை. மற்றவர்கள் மறந்ததையும் வாய்க்குள் சொல்லித் தருவார்.

ஒத்திகை முடிந்ததும் டீச்சர் மூக்குக்கண்ணாடியை நீட்டினார். திருகாணி மறுபடியும் லூசாகிவிட்டதாம். முடுக்கிக் கொடுத்தேன். மாதம் இரண்டு தடவை இது நடக்கிறது. முப்பது வருஷத் தொழிலில் நான் முடுக்கிய திருகாணி கழன்றதில்லை. ஒருவர் குறுக்குத்துறையில் குளிக்கப் போய், கண்ணாடி மட்டும் ஆற்றோடு போய்ப் புன்னைக்காயலில் கரை ஒதுங்கியது. அப்போதும் திருகாணி அசையவில்லை, அதை எடுத்துப் போட்ட மீனவருக்குப் பார்வையும் தெளிந்தது. டீச்சர் கண்ணாடி மட்டும் ஏன் இப்படி என்று கம்பெனிக்கே கடிதம் போட்டேன். பதில் இல்லை. தொழிலில் சில மர்மங்கள் தீர்வதில்லை.

கடை முன்னால் சாக்கடை அடைத்துக்கொண்டது. கம்பியால் குத்திவிட்டேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

தாக்குதல் தொடங்கியது. நாடக போஸ்டரை நாற்பத்தொரு வாட்ஸ்ஆப் குழுக்களில் போட்டேன். முப்பத்தெட்டில் என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். மீதி மூன்றில் ஒன்று நான் மட்டும் இருக்கும் குழு. சாமான் பட்டியல் எழுத வைத்திருப்பது.

பேஸ்புக்கில் மூன்று பேர் விருப்பம் தெரிவித்தார்கள். நான், என் கடை, பெரு நாட்டைச் சேர்ந்த ஒரு பெரியவர். பெரியவருக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினேன். அவர் நவம்பர் 26 வர முயல்வதாகச் சொல்லி, பாளை பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அக்டோபர் 13, வெள்ளி

ஒத்திகையை நேரலையாகக் காட்டினோம். ஒருவர் பார்த்தார். விசாரித்ததில் அது ஐயம்பெருமாள். பக்கத்து அறையில் உட்கார்ந்து, நேரில் பார்ப்பதைவிட இதில் நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ரீல்ஸ். அரங்கத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் மாலையும் கழுத்துமாக நானும் டீச்சரும் நின்று முப்பது நொடி பேசினோம். எங்கள் பின்னால் ஒரு வெள்ளாடு வந்து, நாற்காலியில் வைத்திருந்த மாற்று மாலையைத் தின்றது. பிறகு தாம்பாளத்தில் இருந்த அட்டைத் தாலியையும் தின்றது. நாங்கள் கவனிக்கவில்லை. அப்படியே ஏற்றிவிட்டேன்.

தாலிக்கு என்ன செய்வது என்று ஐயம்பெருமாள் தலையில் கை வைத்தார். டீச்சர், தானே ஒன்று செய்து கொண்டுவருவதாகச் சொன்னார்.

அக்டோபர் 17, செவ்வாய்

பார்த்தவர்கள்: நாற்பத்தோராயிரம். ஆட்டை.

அக்டோபர் 20, வெள்ளி

'ஆடு என்ன விலை', 'ஆடு நடிப்பு அருமை', 'முன்னால் நிற்கும் இரண்டு பேரை வெட்டிவிட்டுப் போடவும்' என்று எழுநூறு பேர் எழுதியிருக்கிறார்கள். நாடகம் எப்போது என்று கேட்டவர் ஒருவர். அவரும் ஆடு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் கேட்டார். ஐயம்பெருமாள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஆட்டுக்காரம்மாவிடம் போய்ப் பேசினார். ஆடு இப்போதெல்லாம் எல்லோரிடமும் பேசுவதில்லை என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள்.

ஒத்திகையில் ஒருவருக்கும் உற்சாகம் இல்லை. நடன வகுப்புக்காரர்கள் வந்து கண்ணாடி மாட்டச் சுவரை அளந்துகொண்டு போனார்கள். படி இறங்கும்போது டீச்சர் திடீரென்று கேட்டார்.

"சார், ஒரு கணக்கு. வாரத்துக்கு ரெண்டு ஒத்திகை, ஒண்ணுக்கு ரெண்டு மணி நேரம், ஒம்பது வருஷம். மொத்தம் எவ்வளவு?"

நாளைக்குச் சொல்வதாகச் சொன்னேன்.

அக்டோபர் 21, சனி

பள்ளிக்கூடம் விடுமுறை. டீச்சர் திருகாணிக்காகக் கடைக்கு வந்தார். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு மணி நேரம் என்றேன். தீபாவளி, பொங்கல் கழிக்கவில்லை, ஆனால் வழி சரி என்றார். ஒன்பது வருஷத்தை எதற்காக இப்படிக் கணக்குப் போட வேண்டும் என்று தெரியவில்லை. ஆசிரியர்களுக்கு விடுமுறை நாளில் கை அரிக்கும் போலிருக்கிறது.

இரண்டு கிலோ அரிசி, துவரை, தீப்பெட்டி வாங்கினேன். தீப்பெட்டியை அங்கேயே மறந்து வைத்துவிட்டேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

இன்று உலக வரலாற்றில் ஒரு திருப்பம். ஒருவன் ஆப்பிள் விழுந்ததைப் பார்த்தான் என்பார்கள். நான் என் தங்கை போனைப் பார்த்தேன்.

சித்தப்பா பேரன் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற இடத்தில் மச்சான் பெயரை ஒன்பதாவதாகப் போட்டுவிட்டார்களாம். சண்முகவடிவு காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஆனால் அதே பத்திரிகையை, மச்சான் பெயர் தெரிகிற மாதிரி பெரிதாக்கி, இருநூறு பேருக்கு அனுப்பியிருக்கிறாள்.

"கோவம்னா எதுக்கு அனுப்புத?"

"பேரு இருக்குல்லா அண்ணே."

மருமக்களே, அந்த நொடி தாமிரபரணி நின்றது. கொக்கிரகுளம் பாலத்தில் போனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நாடக போஸ்டரை எவனும் இன்னொருவனுக்கு அனுப்ப மாட்டான். தன் பெயர் இருக்கிற கல்யாணப் பத்திரிகையை அனுப்பாதவன் இந்த ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை.

நவம்பர் 1, புதன்

கடையை அடைத்துவிட்டு வேலை செய்தேன். கண் பரிசோதனைப் பதிவேடு இருக்கிறதே, முப்பது வருஷத்துக்கானது, அதிலிருந்து பெயர்களை எடுத்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலில். ஒன்பதாவது இடம் யாருக்கும் கிடையாது: ஆளுக்கொரு பத்திரிகை, அவரவர் பத்திரிகையில் அவரவர் பெயரே முதலில். அறுநூற்றுப் பன்னிரண்டு விதம். நெப்போலியன் இதில் பாதி செய்திருந்தால் இன்றைக்கு வரை அரசாண்டிருப்பான்.

பெயர்களுக்குப் பிறகு இடமே இல்லை. பத்திரிகையில் அச்சகத்தின் பெயர் போடுவார்களே, எறும்பு எழுத்தில், அந்த மூலையில் 'நாடகம். அனுமதி இலவசம்' என்று போட்டேன். கதாபாத்திரங்களின் பெயருக்கும் இடம் போதவில்லை. அதனால் மணமகன் கோமதிநாயகம், மணமகள் பகவதி என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நடிகர் பெயரைப் போடுவது வழக்கம்தானே.

நவம்பர் 3, வெள்ளி

அனுப்புவதற்கு முன் டீச்சரிடம் காட்டினேன். போனை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்து வெகு நேரம் பார்த்தார். பாட்டரி எட்டு சதவீதத்திலிருந்து மூன்றுக்கு வந்துவிட்டது. வேண்டாமென்றால் மாற்றிவிடலாம் என்றேன்.

"என் இனிஷியல் தப்பா இருக்கு, சார். எம் இல்ல, எஸ்.எம்."

அவ்வளவுதான். திருத்தினேன்.

நவம்பர் 5, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு அனுப்பினேன். ஏழேகாலுக்குப் போன் சூடாகி, அதன் மேல் வைத்த அப்பளம் பொரிந்தது. மத்தியானத்துக்குள் கடை முன்னால் கூட்டம்: பட்டியலில் தன் பெயர் தெரிகிறது, மச்சினன் பெயர் தெரியவில்லை, வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும் என்று. இருந்த கண்ணாடியெல்லாம் தீர்ந்தது. கடைசியில் வந்தவருக்கு நான் போட்டிருந்ததையே கழற்றிக் கொடுத்தேன். அவர் தன் மச்சினன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டு, இவன் பெயரை எதற்குப் போட்டீர் என்று சண்டை பிடித்தார்.

நவம்பர் 8, புதன்

சமாதானபுரம் டீக்கடையில் அண்ணன் தம்பி இரண்டு பேர் பத்திரிகையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். இரண்டிலும் அவரவர் முதலில். எது அசல் என்று பஞ்சாயத்து என் கடைக்கு வந்தது. பெரியவரை உள்ளே அழைத்துப் போய் உங்களுடையதுதான் அசல் என்றேன். சின்னவரையும் உள்ளே அழைத்துப் போனேன்.

நவம்பர் 10, வெள்ளி

கடையம் ஊரிலிருந்து டீச்சரின் அண்ணன் குற்றாலிங்கம் போன் செய்தார். செங்கல் சூளை வைத்திருக்கிறவர். அவர் அங்கிருந்து போன் இல்லாமல் பேசினாலே இங்கே கேட்கும். காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவர் மூக்குக்கண்ணாடி போடுவதில்லை. பெயர் என் பதிவேட்டில் இல்லை. ஆகையால் பத்திரிகையிலும் இல்லை.

விளக்க வாயைத் திறந்தேன்.

"தங்கச்சிக்கு ஐம்பத்திரண்டு வயசுல கல்யாணம். அது சந்தோசம். என்ட்ட சொல்லல, அதுவும் போகுது. ஊர்ல கண்ணு தெரியாதவன் பேரெல்லாம் போட்டிருக்கேரு. கூடப்பெறந்தவன் பேரு எங்க வே?"

இது வெறும் நாடகம் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நானும் சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள், "திருத்தி அனுப்பிருதேன்" என்று வாயில் வந்துவிட்டது. வாய்க்கும் எனக்கும் பல வருஷமாகச் சரியில்லை.

நவம்பர் 15, புதன்

கடைக்கு வெள்ளையடித்தேன். வேறொன்றுமில்லை. வீட்டுக்கும் அடித்தேன்.

நவம்பர் 19, ஞாயிறு

குற்றாலிங்கம் நேரிலேயே வந்துவிட்டார். திருத்திய பத்திரிகையில் தன் பெயர் முதலில், அதுவும் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்ததிலிருந்து ஆள் இளகியிருந்தார். பந்தி யார் பொறுப்பு என்றார். மன்றத்தில் இடைவேளைக்கு டீ மட்டும்தான் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கடையின் இரண்டு ஃபிரேம் வளைந்தன.

பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டுக் குரலைத் தாழ்த்தினார். அதாவது மார்க்கெட்டுக்குள் மட்டும் கேட்கிற அளவுக்கு. தங்கையைப் பெண் பார்க்கப் பதினோரு பேர் வந்தார்களாம். ஒவ்வொருவரிடமும் அவள் ஒரு கணக்குக் கேட்டாளாம். சிலர் சிரித்தார்களாம், சிலர் கோபித்துக்கொண்டார்களாம், ஒருவரும் உட்கார்ந்து போட்டுப் பார்க்கவில்லையாம்.

"உம்மகிட்ட ஏதும் கேட்டாளா மாப்ள?"

கேட்டாங்க என்றேன்.

"போட்டீரா?"

தீபாவளி, பொங்கல் கழிக்கவில்லை என்றேன். அவர் எதற்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்கும் ஒரு கண்ணாடி வேண்டும் என்றார். பரிசோதித்தேன். பார்வையில் குறையே இல்லை. பவர் இல்லாத கண்ணாடியாவது கொடும் என்று வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். கண்ணைக் கசக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 24, வெள்ளி

கடைசி ஒத்திகை. ஐயம்பெருமாளுக்கு இன்றுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. வங்கியில் பழைய சகாக்கள் அவரிடம் கல்யாணத்துக்கு என்ன பரிசு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் நாடகம் பார்க்க வரவில்லை, கல்யாணத்துக்கு வருகிறார்கள். மேடையில் அது நின்றுபோனால் நாற்காலிகள் பறக்கும். உடனே எல்லோருக்கும் மறுப்புச் செய்தி அனுப்ப வேண்டும் என்று குதித்தார். அவர் சொல்வது நியாயம். மறுப்பும் எழுதிவிட்டேன்: 'இது நாடகம் மட்டுமே. மணமக்களுக்கு இடையில் வேறு எதுவும் இல்லை.' அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்திருந்தேன். விரல் ஏனோ மரத்துப்போயிருந்தது.

டீச்சர் போனை வாங்கிப் படித்தார். மறுப்பு அனுப்பினால் எத்தனை பேர் வருவார்கள் என்று ஐயம்பெருமாளைக் கேட்டார். பதினேழு என்றார் அவர், யோசிக்காமல்.

"அப்ப அனுப்பாண்டாம். மேடை வேணும்லா," என்றார் டீச்சர்.

தூய சந்தைப்படுத்தும் அறிவு. நான் வியந்தேன். வியப்பில் வீட்டுக்குப் போகும் வழியை விட்டு வண்ணார்பேட்டை வரை நடந்துவிட்டேன்.

நவம்பர் 26, ஞாயிறு

சவரம் செய்தேன். இரண்டு தடவை.

நவம்பர் 27, திங்கள்

பதினோராயிரம் பேர். வரிசை அரங்கத்தில் தொடங்கி மேலப்பாளையம் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தது. சுவர்க் கடிகாரம் மட்டும் எண்பத்தேழு வந்தது. அத்தனையும் ஒன்றாக அடித்தபோது ஊரில் மணி என்ன என்று விடியும்வரை யாருக்கும் தெரியவில்லை. கமிட்டித் தலைவர் பட்டு வேட்டியில் வந்து, பட்டியலில் தன் பெயர் எங்கே என்று வாசலில் நிற்பவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். குற்றாலிங்கம் சீர்த் தட்டுகளோடு வந்து முதல் வரிசையை மொத்தமாக எடுத்துக்கொண்டார். அரங்கத்தின் பின்பக்கம் புகை வந்தது. தீ என்று ஓடிப் பார்த்தால் சமையல்காரர்கள். பந்தி இல்லாமல் தங்கை கல்யாணமா என்று அவர் ஏற்பாடு.

நாடகம் தொடங்கியது. முதல் இரண்டு காட்சிகளை ஒருவரும் பார்க்கவில்லை. கல்யாண வீட்டில் மேடையை யார் பார்ப்பார்கள்? நலம் விசாரித்தார்கள், காபி எங்கே என்றார்கள், பிள்ளைகள் மேடையில் ஏறி ஓடிப்பிடித்து விளையாடினார்கள். நான் உருக்கமாக ஒரு பக்க வசனம் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியவர் ஏறி வந்து என் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துவிட்டுப் போனார். ஐயம்பெருமாள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

கடைசிக் காட்சி. கெட்டிமேளம் ஒலித்தது. அவ்வளவு கூட்டமும் ஒரே ஆளாக எழுந்து நின்றது. பேச்சு நின்றது. பிள்ளைகள்கூட நின்றார்கள். எல்லோர் கையிலும் அட்சதை. எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சண்முகவடிவு ஒரு ஓலைப் பெட்டி நிறையக் கொண்டுவந்து வரிசை வரிசையாகக் கொடுத்திருக்கிறாள். எங்கள் நாடகத்தை ஒன்பது வருஷத்தில் இப்படி ஒருவரும் பார்த்ததில்லை.

தாம்பாளத்தில் இருந்த தாலியை எடுத்தேன். அட்டைத் தாலி இல்லை; அதுதான் ஆட்டு வயிற்றில். டீச்சர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மஞ்சள் தேய்த்த கயிறு, நிஜ மஞ்சள் கிழங்கு. ஈரம் காயவில்லை.

இப்போது டீச்சர் "நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.

நான் தாலியை உயர்த்திப் பிடித்தபடி நின்றேன். திரைக்குப் பின்னாலிருந்து ஐயம்பெருமாள் அடிக்குரலில் அந்த வசனத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை முதல் வரிசையில் இருந்த குற்றாலிங்கத்துக்கே கேட்டு, யாருடா அது என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டார்.

உதட்டை அசைக்காமல் சொன்னேன்: "டீச்சர், வசனம்."

அவர் குனிந்திருந்தார்.

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல, சார்."

கெட்டிமேளம் போய்க்கொண்டே இருந்தது. தாலிக்கயிறு அவர் கண்ணாடியில் உரசியது.

"எவ்வளவு நேரம் கையில வச்சுக்கிட்டே நிப்பீங்க?" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததைத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அட்சதை கண்ணில் விழுந்துவிட்டது. பதினோராயிரம் பேர் அரிசி போட்டால் விழத்தானே செய்யும். கண்ணைக் கசக்கினேன், அறிவுரையை மீறினேன். முதல் முடிச்சு என் கை போட்டது போலிருந்தது. மற்ற இரண்டையும் போட வேண்டியவள், பக்கவாட்டுப் படிகளைக்கூடத் தேடாமல், முன்பக்கமாகவே மேடை மேல் தாவி ஏறிவிட்டாள். சண்முகவடிவுக்கு முட்டி வலி என்று பத்து வருஷமாகத் தைலம் வாங்கிக் கொடுத்தது நான்.

திரை இழுக்கிறவர் திரையை விட்டுவிட்டு அட்சதை போட்டுக்கொண்டிருந்தார். அதனால் நாடகம் முடியவே இல்லை. போட்டோ எடுக்க வரிசை நின்றது. அதில் ஐயம்பெருமாளும் நின்றார். தன் முறை வந்ததும் என் காதில், "முடிவு என்னோடதைவிட நல்லாத்தான் இருக்கு வே. ஆனா என்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றார்.

நவம்பர் 28, செவ்வாய்

கமிட்டிக் கடிதம் வந்தது. செவ்வாயும் வெள்ளியும் மேடை எங்களுக்கே. அடுத்த நாடகத்துக்கும் இதே தரத்தில் பந்தி இருக்க வேண்டுமாம்.

கடையத்தில் மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பால் சொதி சாப்பிட்டேன். நாடகத்துக்கு வந்த விமர்சனம் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று தடவை விமர்சனம் கேட்டு வாங்கினேன்.

நவம்பர் 30, வியாழன்

பதிவு அலுவலகம். வரிசை. அங்கே இருந்த பேனா எழுதவில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

அலமாரியில் பாதியைக் காலி செய்தேன். சாமான்களை அடுக்கும்போது பகவதியின் கைப்பை சரிந்து, உள்ளேயிருந்து ஒரு சின்னத் திருப்புளி விழுந்தது. கண்ணாடித் திருகாணிக்கென்றே வருகிற சைஸ். பிடி தேய்ந்திருந்தது.

எடுத்து உள்ளேயே வைத்துவிட்டேன். தொழிலில் சில மர்மங்கள் தீராமலே இருக்கலாம்.

டிசம்பர் 5, செவ்வாய்

டைரியை மேசை மேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போனது தப்பு. பகவதி திருத்திவிட்டாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. 'பதினோராயிரம்' அடித்து, மேலே '263. எண்ணினேன்.' 'எண்பத்தேழு கடிகாரம்' அடித்து '4'. ஆட்டுக்கு நாற்பத்தோராயிரம் அடித்து 'நானூற்றுப் பத்து'. தாமிரபரணி நின்றதற்கு 'தவறு'. பெரு நாட்டுப் பெரியவருக்கு ஒரு கேள்விக்குறி. அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு 'இரண்டு பேர் இருமுறை. 610.' பதினேழு பேருக்கு மட்டும் 'இதற்கு மேல் குறைக்க என்ன இருக்கிறது' என்று எழுதியிருக்கிறாள். 'எனக்கொன்றும் நஷ்டமில்லை' என்ற வரியைச் சுற்றி மூன்று வட்டம்.

ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது, கீழே நின்று கூப்பிடுகிறாள். அதனால் சுருக்கமாக ஒப்புக்கொள்கிறேன், மருமக்களே. ஆறு நிற்கவில்லை. அப்பளம் பொரியவில்லை. புன்னைக்காயலில் எந்தக் கண்ணாடியும் கரை ஒதுங்கவில்லை. எல்லாம் நான் ஊதியது. இத்தனை சிவப்புக்கும் நடுவில் ஒரே ஒரு வரிக்குப் பக்கத்தில் அவள் சரி என்று போட்டிருக்கிறாள். "மறக்கல, சார்." அந்தச் சின்ன இடம் மட்டும் நிஜம்.